கடலில் போனவர்களுக்காகக் கரையில் இருப்பவருக்கு என்ன வேலை?

கேள்வி: ஆகஸ்ட் 24, காலை 10.15

பாய்மரப் படகில் இந்தியப் பெருங்கடலைக் கடக்கிறவர்களை வீட்டிலிருந்தே பின்தொடர்கிறோம் என்று இங்கே இரண்டு மூன்று பேர் எழுதுகிறீர்கள். வரைபடத்தில் ஒரு புள்ளி நகர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பது, அவ்வளவுதானே? நடுக்கடலில் ஏதாவது ஆகிவிட்டால் பினாங்கில் உட்கார்ந்திருக்கிற நீங்கள் என்ன செய்துவிட முடியும்? இது பொழுதுபோக்கு. பெரிய பொறுப்பு மாதிரி பேச வேண்டாம் என்பது என் கருத்து.

ஆகஸ்ட் 24, மதியம் 1.40

ஒத்துக்கொள்ள மாட்டேன். நீங்கள் சொல்கிற அந்த இரண்டு மூன்று பேரில் நானும் ஒருவன், அதனால் என் கதையையே சொல்கிறேன்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் எனக்கு வேலை கற்றுக்கொடுத்த அண்ணன் ஒருவர், அவர் மனைவி, எனக்கு அக்கா முறை. இரண்டு பேரும் 36 அடி பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கி, நாலு வருடம் அதைச் சுரண்டி, பூசி, தைத்து, ஜூன் மாதம் பினாங்கின் ஸ்ட்ரெய்ட்ஸ் கீ படகுத்துறையிலிருந்து கிளம்பினார்கள். சுமத்ராவின் தலையைச் சுற்றி சபாங், மேற்குக் கரையோரமாகப் பாடாங், பாடாங்கிலிருந்து தெற்கே சுமார் 700 மைல் தாண்டி கோக்கோஸ் தீவு. இப்போது அங்கேதான் நங்கூரம் போட்டிருக்கிறார்கள். அடுத்தது மொரீஷியசுக்குச் சொந்தமான ரொட்ரிக்ஸ் தீவு. நடுவில் 2,000 மைல், ஒரு கரை கிடையாது. பெயர்களையும் படகின் பெயரையும் போடவில்லை, அக்காவுக்குப் பிடிக்காது.

என்னிடம் ஒரு தாள் இருக்கிறது. படகின் நீளம், அடிப்பாகத்தின் நிறம், உயிர்காக்கும் மிதவையின் நிறம், 533 என்று தொடங்கும் ஒன்பது இலக்க வானொலி எண், அபாயக் கருவியின் அடையாள எண், இரண்டு பேருக்கும் என்ன மருந்து, என்ன ஒவ்வாமை, எல்லாம் அதில் உண்டு. அந்த அபாயக் கருவியை அழுத்தினால் 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோள் வழியாக மீட்பு மையத்துக்குச் செய்தி போகும். மையத்தில் இருப்பவர் உடனே என்ன செய்வார்? பதிவில் இருக்கிற தொலைபேசி எண்ணைக் கூப்பிடுவார். வருகிற அழைப்புகளில் பெரும்பாலானவை தவறுதலாக அழுத்தியவை என்பதால், படகு உண்மையிலேயே கடலில் இருக்கிறதா, எத்தனை பேர், எங்கே போகிறார்கள் என்று கரையில் யாராவது சொல்ல வேண்டும். பதிவில் முதல் எண் என்னுடையது. கைப்பேசியைச் சத்தமில்லாமல் வைப்பதை விட்டு மூன்று மாதம் ஆகிறது, இரவு ஷிப்டில்கூட மேலதிகாரியிடம் சொல்லி அனுமதி வாங்கி மேசைமேல் வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 24, இரவு 9.05

ஈப்போ நண்பர் கேட்டிருந்தார்: கப்பல்களைக் காட்டும் இலவசத் தளத்தில் தேடினால் இந்தப் படகு இன்னும் பாடாங் பக்கத்திலேயே நிற்கிறதாகக் காட்டுகிறதே, ஏன்?

அந்தத் தளம் காட்டுவது ஏஐஎஸ். படகில் இருக்கிற கருவி விஎச்எஃப் வானொலி அலையில் தன் பெயரையும் இடத்தையும் சொல்லிக்கொண்டே இருக்கும், கரையில் இருக்கிற கம்பம் அதைக் கேட்டு இணையத்தில் போடும். கரையிலிருந்து முப்பது நாற்பது மைல் தள்ளிப் போனதும் கம்பத்துக்குக் கேட்காது. பெரிய கப்பலின் கருவியை விடச் சிறு படகின் கருவிக்குச் சக்தி மிகக் குறைவு, அதனால் செயற்கைக்கோளும் அதைச் சில நேரம்தான் பிடிக்கும். ஆகவே கடைசியாகக் கேட்ட இடத்திலேயே புள்ளி நின்றுவிடும். அதைப் பார்த்துப் பயந்தவர்களில் நானும் உண்டு. ஜூலையில் சபாங் தாண்டியதும் இரண்டு ராத்திரி சரியாகத் தூங்கவில்லை, அப்புறம்தான் விஷயம் புரிந்தது.

நடுக்கடலில் நமக்குப் பயன்படுவது தனியாக வாங்கி வைத்திருக்கிற செயற்கைக்கோள் டிராக்கர். கையளவுதான் இருக்கும். இரிடியம் வலையில், அதாவது பூமியைச் சுற்றுகிற 66 செயற்கைக்கோள்கள் வழியாக, இடத்தை அனுப்பும். 160 எழுத்துக்குள் ஒரு செய்தியும் அனுப்பலாம். தமிழில் அடித்தால் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும், அதனால் ஆங்கில எழுத்தில் தமிழ். ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள் இணையம் ஏன் வைக்கவில்லை என்று கேட்பீர்கள். பழைய படகு, பேட்டரி சிறியது. மின்சாரம் இருந்தால் முதலில் விளக்குக்குத்தான் என்பது அண்ணனின் முடிவு.

ஆகஸ்ட் 26, காலை 11.20

நாளைக்குக் கிளம்புகிறார்கள். அதற்குள் கோக்கோஸ் பற்றிக் கொஞ்சம்.

அறுநூறு பேர் அளவில் வாழ்கிற பவளத் தீவு. 1955-இல் சிங்கப்பூரிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் கைமாறியது. ஹோம் ஐலண்டில் இருப்பவர்கள் மலாய்க்காரர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் தோட்ட வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வாரிசுகள். அக்கா அங்கே கடையில் நம்ம ஊர் மலாயில் பேசியிருக்கிறாள். அவர்களுக்குச் சில சொற்கள் வேறாகவும் பழையதாகவும் இருந்தனவாம், ஆனாலும் ஒரு பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லையாம். தோட்டத்துக்கு ஏற்றிக்கொண்டு வந்த கதை நமக்குச் சொல்லவா வேண்டும்.

படகில் தொட்டியில் வளர்த்த கறிவேப்பிலையைத் தீவில் இறக்க அனுமதி இல்லை, ஆஸ்திரேலியத் தாவரச் சட்டம் கடுமை. ஊறுகாய் தப்பித்தது.

இன்னொன்று. தந்திரமான, துணிச்சலான ஆளை நம் ஆட்கள் "எம்டன்" என்று சொல்வார்கள் இல்லையா? முதல் உலகப்போரில் அந்த எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைமேல் குண்டு போட்டது. அக்டோபர் 28 விடியற்காலையில் நம்ம ஜார்ஜ்டவுன் துறைமுகத்துக்குள்ளேயே வந்து ரஷ்யாவின் ஜெம்சுக் போர்க்கப்பலை மூழ்கடித்தது. இறந்த மாலுமிகளுக்கு வெஸ்டர்ன் ரோடு கல்லறையில் நினைவுச்சின்னம் இருக்கிறது. நவம்பர் 9 அன்று அதே எம்டன் ஆஸ்திரேலியாவின் சிட்னி கப்பலிடம் அடி வாங்கி முடிந்த இடம்தான் கோக்கோஸ். தந்தி நிலையத்தை உடைக்க டைரக்‌ஷன் ஐலண்டில் இறங்கியிருந்த சுமார் 50 பேர் தனியாக மாட்டிக்கொண்டார்கள். அங்கே நின்ற அயேஷா என்ற பாய்மரக் கப்பலை எடுத்துக்கொண்டு பாடாங் போய்ச் சேர்ந்தார்கள். அண்ணன் வந்த வழியேதான், திசை மட்டும் தலைகீழ். அவர் நங்கூரம் போட்டிருப்பதும் அந்த டைரக்‌ஷன் ஐலண்டில்தான். சென்னை, பினாங்கு, கோக்கோஸ் மூன்றையும் ஒரே கப்பல் தைத்துவிட்டுப் போயிருக்கிறது, பள்ளியில் இதை யாரும் சொல்லித் தரவில்லை.

ஆகஸ்ட் 28, காலை 8.50

கிளம்பிவிட்டார்கள். நேற்று எங்கள் நேரப்படி நண்பகல். இன்று முதல் செய்தி:

"12 30 தெற்கு, 95 10 கிழக்கு. காற்று 22. அலை குறுக்கே. அண்ணனுக்கு வாந்தி, எனக்கு இல்லை. ரசம் சோறு."

முதல் எண்கள் படகு இருக்கிற இடம் (பாகை, கலை), காற்று 22 என்பது அதன் வேகம், மணிக்குக் கடல் மைலில். செய்தி தினமும் காலை 8 மணிக்கு வரும். உலகப் பொது நேரமான யுடிசியில் பூஜ்யம் மணி என்பது நமக்குக் காலை 8. கோக்கோஸில் அது ஆறரை, ரொட்ரிக்ஸில் விடியற்காலை நாலு. எங்கே இருந்தாலும் மாறாத மணி ஒன்று வேண்டும் என்று அண்ணன் வைத்த ஏற்பாடு. எனக்கும் வசதி. ஷிப்ட் 7 மணிக்கு முடியும், குளுகோரில் இருக்கிற அக்காவின் அம்மா வீட்டுக்கு எட்டுக்குள் போய்விடுவேன்.

அம்மாவுக்கு 78 வயது. வீட்டு முன்னறையில் பள்ளிக்கூட உலக வரைபடம் ஒன்றைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார். நான் எண்களைச் சொல்லி இடத்தைக் காட்டுவேன். அவர் ஒரு அட்டையிலிருந்து சிவப்பு ஸ்டிக்கர் பொட்டை நகத்தால் நெம்பி எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மூச்சைப் பிடித்து அந்த இடத்தில் ஒட்டுவார். கட்டைவிரலால் ஒரு அழுத்து. அப்புறம் என்னைப் பார்த்து ஒரே கேள்வி: "என்ன சாப்பிட்டாங்களாம்?" அதனால்தான் செய்தியின் கடைசியில் எப்போதும் சாப்பாடு. பினாங்கிலிருந்து கோக்கோஸ் வரை பொட்டு வரிசை சுமத்ராவைச் சுற்றி ஒரு கொக்கி மாதிரி இறங்கியிருக்கிறது.

ஆகஸ்ட் 30, மாலை 6.30

கோலாலம்பூரிலிருந்து எழுதிய தங்கைக்கு: நான் மேலே "2,000 மைல்" என்று மொட்டையாக எழுதியது தவறு. கடல் மைல் என்பது 1.852 கிலோமீட்டர், சாதாரண மைலை விட நீளம். அப்படியானால் மொத்தம் சுமார் 3,700 கிலோமீட்டர். நீங்கள் போட்ட 3,200 கணக்கு என் எழுத்தால் வந்த குழப்பம்.

வேகம்? சராசரி ஐந்தரை நாட், மணிக்குப் பத்து கிலோமீட்டர். சைக்கிளில் மெதுவாகப் போகிற வேகம்தான், ஆனால் ராத்திரியும் நிற்பதில்லை, அதுதான் விஷயம். ஒரு நாளைக்கு 125, 130 கடல் மைல். மூன்று மணி நேரம் ஒருவர் விழிப்பு, மூன்று மணி நேரம் மற்றவர். காற்றாலேயே இயங்குகிற சுக்கான் கருவி படகைப் பிடித்துக்கொள்ளும், மனிதர் கப்பல் வருகிறதா, காற்று மாறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

இந்தப் பாதையின் சிரமம் புயல் இல்லை. புயல் பருவம் நவம்பரில்தான் தொடங்கும், அதற்குள் கடந்துவிடத்தான் இந்த மாதங்கள். தென்கிழக்கு வியாபாரக் காற்று முதுகுப் பக்கமாகத் தள்ளுகிறது, நல்லதுதான். ஆனால் தெற்கே வெகு தூரத்தில் அடிக்கிற புயல்களின் அலை தென்மேற்கிலிருந்து குறுக்கே வருகிறது. இரண்டு அலையும் சந்திக்கிற இடத்தில் படகு தொட்டில் மாதிரி ஆடாது, சலிக்கிற முறம் மாதிரி ஆடும். அக்கா சட்டியை அடுப்பில் கட்டி வைத்து, இடுப்பில் பெல்ட் போட்டுத் தன்னை அடுப்படியோடு கட்டிக்கொண்டுதான் சமைக்கிறாள்.

ஆகஸ்ட் 31, காலை 9.00

"13 58 தெ, 88 40 கி. காற்று 24. மெர்டேக்கா! சுதந்திர தினக் கொடி ஏத்தியாச்சு, காத்துல ஒரு ஓரம் கிழிஞ்சிருச்சு. பாசிப்பயறு கஞ்சி."

செப்டம்பர் 3, காலை 9.40

இன்று எட்டு மணிக்குச் செய்தி வரவில்லை. தடமும் நேற்றுக் காலையோடு நிற்கிறது: 14 56 தெற்கு, 84 20 கிழக்கு.

கொஞ்சம் பொறுத்துப் பார்க்கிறேன்.

செப்டம்பர் 3, இரவு 11.15

இல்லை.

எங்கள் தாளில் எழுதியிருப்பது: ஒரு செய்தி தவறினால் ஒன்றும் செய்யாதே, எழுதி வை. 24 மணி நேரம் தாண்டினால் டிராக்கருக்கு நீ செய்தி அனுப்பு. 48 தாண்டினால் மீட்பு மையத்தைக் கூப்பிடு. அபாயக் கருவி அழைத்தால் இதெல்லாம் கிடையாது, உடனே. இதை நானும் அண்ணனும் மே மாதம் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து எழுதினோம். பயத்தில் இருக்கிறபோது முடிவெடுக்காதே, முடிவை இப்போதே எடுத்து வைத்துக்கொள் என்றார். வேலையிடத்திலும் அவர் அப்படித்தான், இயந்திரம் நின்ற பிறகு கையேடு தேடுகிறவனைப் பிடிக்காது.

அபாயக் கருவி பேசவில்லை. அது தண்ணீரில் விழுந்தால் தானாகவே பேசும். அதை மட்டும் பிடித்துக்கொண்டு ஷிப்டுக்கு வந்திருக்கிறேன்.

செப்டம்பர் 4, காலை 5.10

உடனே கூப்பிடு என்று இங்கே ஆறு பேர் எழுதியிருக்கிறீர்கள். மூன்று பேர் பொறு என்கிறீர்கள். எல்லாவற்றையும் படித்தேன்.

கடற்படையில் இருந்த ஐயா எழுதியதுதான் என்னை மாற்றியது. மீட்பு மையங்களுக்கு மூன்று நிலைகள் உண்டு: ஐயம், எச்சரிக்கை, ஆபத்து. "ஒரு செய்தி தவறியிருக்கிறது, கவலையாக இருக்கிறது" என்று சொல்வதே முதல் நிலைக்குப் போதும். அப்படிச் சொன்னதும் விமானம் கிளம்பாது. அந்தப் பக்கம் போகிற கப்பல்களுக்குத் தகவல் சொல்லுவார்கள், ஏஐஎஸ் பதிவுகளைப் பார்ப்பார்கள், கேள்வி கேட்பார்கள். நான் இதுவரை ஒரு அழைப்பு என்றால் ஊரையே எழுப்புவது என்று நினைத்திருந்தேன். 48 மணி நேரம் என்று எழுதியபோது எங்கள் இரண்டு பேருக்கும் இது தெரியாது. ஐயா, நன்றி.

இப்போது 21 மணி நேரம். எட்டு மணிக்கும் வரவில்லை என்றால் 48 வரை காத்திருக்க மாட்டேன், புத்ராஜெயாவில் இருக்கிற மையத்தைக் கூப்பிட்டு ஐயம் என்று சொல்லிவிடுவேன். அந்தக் கடல் ஆஸ்திரேலியாவின் பொறுப்பு, கான்பெராவில் மையம். 5.3 கோடி சதுர கிலோமீட்டர், பூமியின் பரப்பில் பத்தில் ஒரு பங்கு அவர்கள் கணக்கில். இவர்கள் அவர்களுக்குச் சொல்வார்கள்.

செப்டம்பர் 4, காலை 9.30

வரவில்லை. டிராக்கருக்குச் செய்தி அனுப்பிவிட்டு மையத்தையும் கூப்பிட்டுவிட்டேன். பேசியவர் பதற்றமில்லாமல், தாளில் இருந்த ஒவ்வொன்றையும் கேட்டு எழுதிக்கொண்டார். நிறம், நீளம், பாயின் எண்ணிக்கை, அண்ணனின் ரத்த அழுத்த மருந்து. 11 நிமிடம். ஒரு கேள்விக்குக்கூட "தெரியாது" என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

செப்டம்பர் 4, பிற்பகல் 3.25

வந்துவிட்டது வந்துவிட்டது

"இருக்கோம். டிராக்கர் சார்ஜ் ஏறலை. ரெண்டு பேரும் நல்லா இருக்கோம். அம்மாகிட்ட சொல்லு. நேத்து 8 மணிக்கு 15 10 தெ, 82 50 கி. பிஸ்கட், தேத்தண்ணி."

மையத்துக்குச் சொல்லியாகிவிட்டது. குளுகோர் போகிறேன்.

செப்டம்பர் 5, காலை 10.45

நடந்ததை அக்கா இரண்டு மூன்று செய்தியாக அனுப்பியிருக்கிறாள். 2-ஆம் தேதி ராத்திரி மழையோடு காற்று ஏறியது. பெரிய பாயைச் சுருக்குகிற கயிறு தேய்ந்து அறுந்தது, பாயையே இறக்கிவிட்டு முன்பாயில் மட்டும் ஓடினார்கள், வேகம் குறைந்தது. அந்த நேரத்தில் ஒரு அலை ஏணிவழி வழியாக உள்ளே விழுந்தது. டிராக்கரின் சார்ஜ் துளையில் உப்புத் தண்ணீர். விளக்கு எரிந்ததால் சார்ஜ் ஏறுவதாகவே நினைத்தார்கள், ஏறவில்லை, அணைந்தது. பழைய பல்துலக்கியில் வினிகர் தொட்டுத் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி, ஒரு நாள் காயவைத்து, பவர் பேங்கிலிருந்து ஏற்றி எழுப்பினாள் அக்கா. அபாயக் கருவியை அழுத்தலாமா என்ற பேச்சே அங்கே வரவில்லையாம். அவர்களுக்கு அபாயம் இல்லை. நாம்தான் இங்கே தவிக்கிறோம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, அதைப் பற்றி மட்டும்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

இனி நான் செய்த தவறு. சொல்லாமல் இந்த இழையில் தொடர்ந்து எழுத எனக்கு மனசு வரவில்லை.

3-ஆம் தேதி காலை செய்தி இல்லாமலேயே அம்மா வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததும் அவர் பொட்டு அட்டையோடு நின்றார். என்னால் முடியவில்லை. "வந்துச்சும்மா" என்றேன். இடம் எங்கே என்றார். நேற்றைய இடத்திலிருந்து 130 மைல், அதே திசை, மனக்கணக்குப் போட்டு 15 25 தெற்கு, 82 10 கிழக்கு என்றேன். ஒட்டினார். "என்ன சாப்பிட்டாங்களாம்?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. "அதைச் சொல்லலைம்மா, அவசரம் போல" என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணி குடிக்காமல் கிளம்பிவிட்டேன். 4-ஆம் தேதி காலை அங்கே போகவே இல்லை. வேலை என்று போனில் சொன்னேன், அதுவும் பொய்.

உண்மையான இடம் நான் சொன்னதற்குக் கிட்டத்தட்ட 40 மைல் பின்னால். சுவரில் அது ஒரு அரிசி அளவுகூட இல்லை.

செப்டம்பர் 7, மதியம் 2.00

விநாயகர் சதுர்த்தி. அம்மா வீட்டில் கொழுக்கட்டை. இன்றைக்குத்தான் வாய் திறந்து சொன்னேன்.

அவர் கேட்டுக்கொண்டே மாவு உருட்டினார். "தெரியும்பா" என்றார். "என் மக சாப்பாட்டைச் சொல்லாம விடமாட்டா. ரசம்னாலும் சொல்லுவா. நீ அதைச் சொல்லலைன்னதும் சேதி வரலைன்னு புரிஞ்சுபோச்சு." அப்புறம் வரைபடத்தைக் காட்டினார். 3-ஆம் தேதிப் பொட்டு சிவப்பு இல்லை, கறுப்பு. நான் போன பிறகு சிவப்பை உரித்துவிட்டுக் கறுப்பை வைத்திருக்கிறார். இத்தனை நாள் நான் அதைக் கவனிக்கவில்லை. உரித்த சிவப்பு பீரோ கண்ணாடியில் ஒட்டியிருந்தது, உண்மையான இடம் வந்ததும் அதையே எடுத்து 15 10, 82 50-இல் வைத்திருக்கிறார்.

"கணக்குப் போட்டது தப்பு இல்லை. கணக்குன்னு சொல்லியிருந்தா அதுக்கும் ஒரு பொட்டு நானே வச்சிருப்பேனே. ஒரு ராத்திரி முழுக்க நான் தனியா உக்காந்திருந்தேன், நீ தனியா உக்காந்திருந்தே." இதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, கொழுக்கட்டை கட்டிக் கொடுத்தார்.

ஜிபிஎஸ் இல்லாத காலத்தில் மாலுமிகள் செய்தது அந்தக் கணக்குத்தான். போன வேகம், போன நேரம், திசை, இவற்றை வைத்து இருக்கிற இடத்தை ஊகித்து வரைபடத்தில் குறிப்பார்கள். ஆனால் நட்சத்திரத்தைப் பார்த்து உறுதி செய்த இடத்துக்கு ஒரு குறி, ஊகித்த இடத்துக்கு வேறு குறி. அம்மாவுக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இன்னொரு விஷயம், படகு இன்று 75 பாகை கிழக்கைத் தாண்டிவிட்டது. ஆஸ்திரேலியாவின் பொறுப்பு அங்கே முடிந்து மொரீஷியசின் பொறுப்பு தொடங்குகிறது. தாளில் மேலே இருந்த தொலைபேசி எண்ணைக் கீழே எழுதி, கீழே இருந்ததை மேலே எழுதினேன்.

செப்டம்பர் 9, இரவு 8.20

அம்மாவைப் பற்றி இத்தனை பேர் கேட்கிறீர்கள், அதனால் இது. 1954-இல் எட்டு வயதில் தன் அம்மாவோடு நாகப்பட்டினத்தில் ரஜூலா ஏறி பினாங்கு வந்தவர். ரஜூலா 1926-இல் கட்டிய கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடியது, நம்மில் பாதிப் பேரின் வீட்டில் அந்தப் பெயர் இருக்கும். தளத்தில் பாய் விரித்துப் படுத்ததும், வாந்தி வாசனையும், ஒரு சீனக் கிழவர் கொடுத்த ஆரஞ்சும் அவருக்கு நினைவிருக்கிறது. ஊரில் இருந்த அவர் பாட்டிக்கு, இவர்கள் பத்திரமாக இறங்கிய கடுதாசி போய்ச் சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆனதாம். அந்த ஒரு மாதமும் பாட்டி ராத்திரிச் சோற்றில் ஒரு பிடி எடுத்து வைத்துவிட்டுத்தான் சாப்பிட்டாராம்.

முதலில் கேள்வி கேட்ட நண்பரே, "நீங்கள் என்ன செய்துவிட முடியும்" என்று கேட்டிருந்தீர்கள். 24-ஆம் தேதி நான் தாள், எண், மையம் என்று பதில் எழுதினேன். அதெல்லாம் சரிதான், 4-ஆம் தேதி அந்தத் தாள்தான் என்னைக் காப்பாற்றியது. ஆனால் அந்தப் பதிலில் அம்மா இல்லை. கடலில் போனவர்களுக்காக நான் இருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். கரையில் காத்திருக்கிறவர்களுக்காகவும் நான்தான் இருக்க வேண்டியிருந்தது, அங்கேதான் கோட்டை விட்டேன்.

செப்டம்பர் 11, இரவு 10.40

புள்ளி நின்றுவிட்டது என்று மறுபடி இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். பயப்பட வேண்டாம், இது முன்பே சொல்லி வைத்த நிற்றல். ரொட்ரிக்ஸைச் சுற்றிப் பவளப் பாறை. இருட்டில் உள்ளே நுழைவது புத்திசாலித்தனம் இல்லை, எனவே இன்றிரவே வெளியே வேகத்தை அடக்கி, பாயைச் சுருக்கி, விடியும்வரை மிதப்பார்கள். மாலையில் சொல்லிவிட்டார்கள். கரையின் விளக்கு தெரிகிறதாம்.

அம்மாவிடம் இன்று நான் சொன்னது: "செய்தி வந்தது சாயங்காலம் ஆறரைக்கு. இப்போ எங்கே இருப்பாங்கன்னு நான் சொல்றது என் கணக்கு." கறுப்பை எடுத்தார்.

செப்டம்பர் 12, பிற்பகல் 1.35

போர்ட் மாதுரினில் கட்டிவிட்டார்கள். எங்கள் நேரம் 1.05, அங்கே காலை 9.05. பதினாறு நாள்.

"வந்துட்டோம். தரை ஆடுது. அண்ணன் ரொட்டி வாங்கப் போயிருக்கார்."

செப்டம்பர் 14, மாலை 5.50

வைஃபை கிடைத்து நேற்று முகம் பார்த்துப் பேசினோம். இரண்டு பேரும் மெலிந்திருக்கிறார்கள், அண்ணனின் தாடி வெளுத்திருக்கிறது. தீவு பினாங்குத் தீவில் பாதிகூட இல்லை. மொரீஷியசிலிருந்து சரக்குக் கப்பல் வருகிற நாளில் படகுகள் எல்லாம் துறையைக் காலி செய்து வெளியே போய் நிற்க வேண்டுமாம், கப்பல் போனதும் திரும்பி வரலாமாம்.

தாளைத் திருத்தினோம். தவறிய செய்திக்கு 24 மணி நேரம் ஆனதும் மையத்துக்கு ஐயம் என்று சொல்லிவிடுவது. டிராக்கரை ஏணிவழியிலிருந்து உள்ளே தள்ளி, மூடியுள்ள பெட்டிக்குள் வைப்பது. சார்ஜ் ஏறுகிறதா என்று விளக்கைப் பார்க்காமல் சதவீதத்தைப் பார்ப்பது. நாலாவதாக அக்கா சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன்: "சேதி வரலைன்னா வரலைன்னே அம்மாகிட்ட சொல்லு."

அப்புறம் அவள் ஒரு நோட்டைக் கேமராவுக்கு நேரே பிடித்தாள், மொரீஷியஸ் ரூபாய். அதில் ஆங்கிலத்தோடு நம் எழுத்தும் இருக்கிறது, தமிழ் எண்களும். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கைப்பேசியை மூக்குக்குக் கிட்டே வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார், இரண்டு முறை. அந்தப் படத்தை அச்செடுத்து வரச் சொன்னார், கடைசிப் பொட்டுக்குப் பக்கத்தில் ஒட்ட இடம் அளந்து வைத்திருக்கிறார்.

மொரீஷியசுக்கு இன்னும் சுமார் 350 கடல் மைல், மூன்று நாள். பத்தொன்பதாம் தேதி கிளம்புகிறார்கள். பொட்டு அட்டை தீர்ந்துவிட்டது, லிட்டில் இந்தியாவில் சிவப்பும் கறுப்பும் இரண்டு அட்டை வாங்கி வரச் சொல்லியிருக்கிறார், நாளை ஷிப்ட் முடிந்து போகிறேன்.